தேயிலைக் கொழுந்தைப் பற்றி ஒரு மாதிரிப் பாடம்

வாத்தியார் ஆவதற்கு என்னென்ன வேண்டும் என்று இப்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். இந்தப் பரீட்சை, அந்தப் பட்டம், அதற்கும் மேலே கல்வியில் இன்னொரு பட்டம் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டும் வருகிறார்கள். நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்றாந்தர ஆசிரியர் சான்றிதழ் ஒன்றுதான். அதை வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்தக் கதையைத் தொடங்கினால் கேட்க வந்தவர்கள் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். அதில் நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை அறைகளில், பிறந்தவன். பூனாகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா சில்லறைக் கங்காணி; அதாவது இருபது ஆட்களை மேய்க்கிற சின்னக் கங்காணி. தன் மகன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தொடக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் வீட்டின் பின்கட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார். துணிமூட்டைகளுக்கு நடுவே படுத்து எட்டாம் வகுப்பு வரை படித்தேன். திரும்பி வந்தபோது தோட்டத்தில் என்னை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் இருந்தது. கொழுந்து எடுக்கச் சொல்லவும் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் நெருக்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரான பெரிய துரை, உரம் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, எனக்கு ஒரு கரும்பலகையும் கொடுத்து, நீதான் வாத்தியார் என்று சொல்லிவிட்டார். கடைசி வரை அந்தக் கொட்டகையில் உர நாற்றம் போகவே இல்லை.

துரை சொன்னால் போதுமா? போதாது. சான்றிதழ் வேண்டும். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கப் பதுளைக்குப் போனேன். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மாட்டு வண்டி கிடைத்தால் வண்டி, கிடைக்காவிட்டால் நடை. ஹாலிஎலையில் ஒரு தேநீரைக் குடித்துவிட்டு, கால் கடுக்கக் கல்விக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே இருந்த கிளார்க் ஐயா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"பதிவான பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் படிப்பிச்சிருக்கணும். அதுக்குக் கடிதம் வேணும்."

"நம்ம பள்ளிக்கூடம் இன்னும் பதிவாகலைங்க."

"பதிவு பண்ணுங்க."

"அதுக்கு என்னங்க வேணும்?"

"சான்றிதழ் உள்ள வாத்தியார் ஒருத்தர் இருக்கணும்."

அவர் சொன்னதை இரண்டு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

"அப்போ இதுல எதுங்க மொதல்ல வரணும்?"

"ரெண்டும் வரணும்," என்றார். சொல்லிவிட்டு மையைத் தொட்டு வேறு ஏதோ எழுதத் தொடங்கினார்.

இந்த முடிச்சை அவிழ்க்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் தற்காலிகப் பதிவு என்று ஒன்று இருப்பதாக வேறொரு கிளார்க் போகிற போக்கில் சொன்னார். அதை முதல் கிளார்க் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பிறகு மற்றக் காகிதங்கள். வயதுக் காகிதம் கேட்டார்கள். என் பிறப்பைப் பதிந்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் செத்துப்போயிருந்தார். அவர் எழுதிய புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. நான் பிறந்தேன் என்பதற்கு, எதிரே உயிரோடு நிற்கிற நானே சாட்சி என்றேன். அது செல்லாதாம். வைத்தியர் சான்றுக்குப் போனால், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் என் நாக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை. நன்னடத்தைக் கடிதத்துக்குப் பெரிய துரையின் கையெழுத்து வேண்டும். அவர் கொஸ்லந்தைப் பக்கம் வேட்டைக்குப் போயிருந்தார். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எல்லாம் சரி, இனி மாதிரிப் பாடம் ஒன்றுதான் பாக்கி என்றார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. உண்மையான தலைவலி அங்கேதான் இருந்தது என்று அப்போது தெரியாது.

மாதிரிப் பாடம் என்பது இதுதான். கல்வி இன்ஸ்பெக்டர் நம் பள்ளிக்கூடத்துக்கே வந்து உட்காருவார். வாத்தியார் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதைப் பற்றிப் படிப்பிக்க வேண்டும். கேள்வி கேட்க வேண்டும், பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் சரி அல்லது தவறு என்று வாத்தியார் சொல்ல வேண்டும். மூன்று தடவைதான். மூன்றிலும் தவறினால் இனிமேல் வாத்தியார் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. என்னைப் பொறுத்தவரை அதற்கு ஒரே அர்த்தம்: அப்பாவின் பிடிவாதம் மண்ணாகிவிடும், என் கையில் கவ்வாத்துக் கத்தி ஏறிவிடும்.

முதல் தடவை ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். முன்னே இருபத்திரண்டு பிள்ளைகள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தொப்பி தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நம்மைப் போலத் தமிழர்தான். அது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குக் கோட்டும் தொப்பியும் பூட்ஸும் போட்டவர் துரை. துரை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுவது. பாதையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். தலையில் போட்டிருக்கும் கம்பளியையோ சாக்கையோ எடுத்துவிட வேண்டும். அவர் கடந்து போகும்வரை தரையைப் பார்த்து நிற்க வேண்டும். கண்ணில் படாமலே போய்விட முடிந்தால் அதைவிட நல்லது. கொட்டகைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருந்தது. நான் இன்ஸ்பெக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கடைசிப் பிள்ளையின் கால் அந்தக் கதவு வழியாகத் தேயிலைக்குள் மறைந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் நானும் தேங்காயும்தான்.

"என்ன வாத்தியார், பிள்ளையள் எங்கே?" என்றார்.

நான் தேங்காயைப் பார்த்தேன்.

இரண்டாம் தடவைக்கு முன்பே பின்கதவை ஆணி அடித்து மூடிவிட்டேன். அரிக்கன் விளக்கு ஒன்றைப் பாடப் பொருளாக வைத்தேன். பிள்ளைகள் ஓடவில்லை. ஓட வழியில்லை. கைகட்டி, தலை குனிந்து, அரை மணி நேரமும் சிலை மாதிரி நின்றார்கள். விளக்கு எதனால் எரிகிறது? பதில் இல்லை. கண்ணாடி எதற்கு? பதில் இல்லை. கடைசியில் கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, சரி என்றும் நானே சொல்லிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, "வாத்தியார் நல்லாய்ப் பதில் சொல்லுறார்," என்றார். அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி, "அடுத்த முறை பிள்ளையளுக்குத் தெரிஞ்ச பொருளைக் கொண்டு வாரும்," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் மேல் கோபம். அவர்களைப் பெற்றவர்கள் மேல் கோபம். தலை குனிந்து நிற்பதை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று லயத்துக்கு லயம் போய்க் கத்தினேன். எனக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பங்களா சமையல்காரரான அப்பு ஐயாவிடம் கெஞ்சி, துரை தூக்கிப்போட்ட பழைய தொப்பி ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய், பூட்ஸ் இல்லாத காலைத் தொம் தொம் என்று தரையில் மிதித்துக்கொண்டு உள்ளே வருவேன். "நிமிர்ந்து பாருங்க! கேட்டதுக்குச் சத்தமாப் பதில் சொல்லுங்க!" என்று கத்துவேன். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் ஒன்றிரண்டு பேர் வாயைத் திறந்தார்கள். எல்லோருக்கும் முந்திப் பிடித்துக்கொண்டது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. தோடு வாங்க வழியில்லாமல் காதுத் துளையில் ஈர்க்குச்சி செருகியிருப்பாள். என் தொப்பியை நேருக்கு நேர் பார்த்து, கூரை அதிரப் பதில் சொல்வாள். சொல்லி முடித்ததும் நான் 'சரி' சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். 'சரி' சொன்னால்தான் உட்காருவாள்.

ஒருநாள் அவள் கேட்டாள், "தொரை கேட்டா நெசத்தைச் சொல்லணுமா, நீங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்லணுமாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான். கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும்," என்று எரிந்து விழுந்தேன். பரீட்சைக்கு இருந்தது இன்னும் ஒன்பது நாள்.

அந்த வாரமே அவளுடைய அம்மா கொழுந்து நிறுவை முடிந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் என்னைத் தேடி வந்தாள்.

"வாத்தியாரே, தொரைக்கு முன்னால வாய் பேசப் பழக்கிறீங்களாமே. நல்லா இருக்கா இது? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

"என்ன ஆகப் போகுது? பாடத்துக்குத்தானே பதில் சொல்லுது."

"இல்லைங்க, எனக்குப் பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல," என்றேன். ஆளை விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. அவள் அதை அப்படியே நம்பிப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டப்படி பள்ளிக்கூடம் காலையில். ஆனால் கொழுந்து கூடிய மாதங்களில் விடிகாலைப் பெரட்டுக்கு, ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற அந்த இடத்துக்கு, தாய்மாரோடு பிள்ளைகளும் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குக் கிடைப்பதெல்லாம் சாயங்காலம், அதுவும் அரைத் தூக்கத்தில். பெரிய துரைக்கு இது தெரியும், பெரிய கங்காணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பிள்ளைகள் குளித்து, எண்ணெய் வைத்து, காலையிலேயே பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.

மூன்றாம் தடவை இன்ஸ்பெக்டரோடு பெரிய துரையும் வந்துவிட்டார். பின்னால் பெரிய கங்காணி. ஒரு தொப்பிக்குத்தான் பழக்கியிருந்தேன், வந்திருப்பது இரண்டு. பிள்ளைகளைப் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. தலையும் குனியவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னபடி, அவர்களுக்குத் தெரிந்த பொருளாக ஒரு தேயிலைக் கொழுந்தைக் கையில் எடுத்தேன்.

"இது என்ன?"

"கொழுந்துங்க!" தகரக் கூரை அதிர்ந்தது.

"இதில் என்ன என்ன இருக்கிறது?"

"ரெண்டு இலையும் ஒரு மொட்டுங்க!"

எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். முற்றல் இலை எது, இளசு எது, எந்த மலையில் எப்போது துளிர்க்கும், பறித்ததை எங்கே கொண்டுபோவார்கள், ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற தொழிற்சாலையில், என்ன செய்வார்கள், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நான் சொல்லிக் கொடுக்காததற்கும் வந்தது. இன்ஸ்பெக்டரின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு பாடத்தை அதற்கு முன்னும் நடத்தியதில்லை, பின்னும் நடத்தியதில்லை. அரை மணி முடியும் நேரம் இன்ஸ்பெக்டரே எழுந்து வந்து, ஈர்க்குச்சிக் காதுக்காரியின் முன்னால் நின்றார்.

"பிள்ளை, இதை ஆர் எடுக்கிறது?"

"எங்கம்மாங்க," என்றாள். இதுவரை நான் பழக்கியது.

"நீ எடுத்திருக்கிறியோ?"

"ஆமாங்க."

"எப்ப?"

"நேத்துங்க. முந்தாநாளுங்க. தெனமும் அம்மாவோட பெரட்டுக்குப் போயிருவேங்க. இப்ப ஆறாம் நம்பர் மலையில எடுக்குறோம். இன்னைக்கு மட்டும் பள்ளிக்கூடம், குளிச்சிட்டு வாங்கன்னு கங்காணி அய்யா சொன்னாருங்க."

திக்காமல், திணறாமல், முழு வாக்கியமாக, நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னாள். நான் பழக்கியபடியே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, நான் 'சரி' சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய துரையின் முகம் சிவந்துவிட்டது. அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாகத் தெரியும். "வாத்தியார், இந்தக் குட்டி என்னா சொல்லுது? நெசமா?" என்றார்.

பெரிய கங்காணி முந்திக்கொண்டார். "பொய்ங்க தொரை. இதுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுங்க. வாத்தியாரையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நீர் சொல்லும் வாத்தியார். பிள்ளை சொன்னது சரியோ, பிழையோ?"

ஒரே ஒரு சொல்தான். அந்தக் கொட்டகையில் ஒரு மாதமாக நாளுக்கு நூறு தடவை நான் சொன்ன சொல். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டேன். கை தானாகவே கட்டிக்கொண்டது. தரையில் பழைய உரக்கறை ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சான்றிதழை நினைத்து நின்றேனா, துரையை நினைத்து நின்றேனா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். துரை முன்னால் லயத்துப் பையன் எப்படி நிற்பானோ அப்படி நின்றேன், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு வெளியே போனார். எல்லோரும் போன பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

பத்து நாளில் அந்தக் குடும்பத்தைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிஷனுக்கு மாற்றினார்கள். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. போவதற்கு முதல்நாள் அவளுடைய அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"சிலேட்டைக் குடுத்துட்டு வரச் சொல்லுச்சுங்க புள்ள," என்று நீட்டினாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் என்ன பண்ணட்டும்? என் கையில என்ன இருக்கு?" என்று நானே கத்தினேன். "நான் ஒண்ணும் சொல்லலைங்களே," என்றாள் அவள். நான் இருக்கிறேன் என்று சொன்னவன் நான். அந்தச் சொல்லை அவள் எடுத்துக் காட்டவில்லை, அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. யார் மேல் எரிச்சல் என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. என் மேல்தான்.

பரீட்சை போய்விட்டது என்றே இருந்தேன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் தபால்காரர் நீளமான உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தேர்ச்சி. மூன்றாந்தரச் சான்றிதழ். கூடவே இன்ஸ்பெக்டரின் குறிப்பும் இருந்தது: பிள்ளைகள் அச்சமில்லாமல், தெளிவாக விடை சொல்கிறார்கள், ஆசிரியரின் பயிற்சி நன்று. ஆசிரியர் விடை சொல்லவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்கு மதிப்பெண் கிடையாது போலும். பெரிய துரையும் என்மேல் திருப்தியாக இருந்தார். வாத்தியார் நம்ம ஆள் என்று பெரிய கங்காணி லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பா சான்றிதழைச் சாமி படத்தின் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சான்றிதழ் வாங்கிய வாத்தியார் வேட்டியோடு திரியலாமா என்று எல்லோரும் பிடுங்கி எடுத்ததில், பதுளைக்குப் போய் ஒரு கோட்டும் தொப்பியும் வாங்கிக்கொண்டேன். வருஷம் ஒன்று ஆகியிருக்கும். கீழ் டிவிஷன் வழியாகக் குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே கூடையோடு ஒரு பெண் வந்தாள். வளர்ந்திருந்தாள். காதில் அதே ஈர்க்குச்சி.

என்னைக் கண்டதும் பாதையை விட்டுக் கீழே இறங்கினாள். தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நான்தாம்மா, வாத்தியார்," என்றேன். அதற்கும் பதில் இல்லை. என்னைத் தெரியாமல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு நீ சொன்னது சரி," என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான் கடந்து போவதற்காகக் காத்திருந்தாள்.